வாக்ஓவர் வேண்டாம் என்றவர்

மழை தூற ஆரம்பித்தால் மைதானத்தில் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்ப்போம். பாய் மட்டும் ரெஃப்ரீயின் முகத்தைப் பார்ப்பார். 'இன்றைக்கு வேண்டாமே' என்ற நினைப்பு அந்த முகத்தில் லேசாகத் தலைகாட்டினால் போதும், ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை ஒட்டிப் போய் நின்றுகொள்வார். "தூத்தல் சார் இது. மழையில்ல. மழை எப்டி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?" என்பார். ரெஃப்ரீ டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று போனில் கேட்டபோது, "பேரு கீரு போட்ட, உன் கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது" என்று சொல்லிவிட்டார். மயிலாப்பூரில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அதனால் அவருக்கு நான் 'கண்ணாடி'. எங்கள் கால்பந்து க்ளப்பின் செயலாளர் பீட்டர் அண்ணன் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவர், அதனால் 'பெல்லு'. பாய் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கும் அவர் வெறும் பாய்தான். வெளியாட்களுக்கு நாற்காலி பாய்.

ராயப்பேட்டையில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டிய சந்தில் அவருடைய கடை. கல்யாணம் காட்சிக்கு நாற்காலி, ஷாமியானா, பிரியாணி அண்டா எல்லாம் வாடகைக்கு விடுவார். எங்கள் ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலிகளில் ஒரு பகுதி அவருடைய சின்ன சரக்கு வண்டியில், ஊரே குட்டி யானை என்று கூப்பிடும் அந்த வண்டியில், மைதானத்துக்கு வந்துவிடும். மாநகராட்சி மைதானத்தில் உட்கார இடம் ஏது? மற்ற க்ளப் ஆட்கள் மதில் மேலும் பைக் மேலும் தொற்றிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் சிவப்பு நாற்காலியில் பெண் வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்போம். "முகூர்த்தம் எப்போ மச்சி?" என்று எதிர் டீம் பையன்கள் கிண்டல் செய்வார்கள். பாய்க்கு அதில் ஏகப்பட்ட பெருமை. யாரோ ஒரு பழைய ஆட்டக்காரரின் அரக்கு நிற ஜெர்சியைத் தொப்பை மேல் இழுத்து மாட்டிக்கொண்டு கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருப்பார். அவர் மட்டும் உட்கார மாட்டார்.

தோற்றால் அவருக்குக் கோபம் வரும். திட்டித் தீர்ப்பார், பிரியாணி சாப்பிடுவதற்குள் ஆறிவிடும். ஆட்டம் நடக்காமல் போனால்தான் விபரீதம். அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒருமுறை ராத்திரி பூரா பெய்த மழையில் கோல் வாசலில் குளம் கட்டி நின்றது. நாங்கள் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம் என்று பைக்கைத் திருப்பினோம். பாய் கடைக்குப் போய் இரண்டு அண்டாவையும் சோறு அள்ளும் பெரிய கரண்டிகளையும் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு டீமும் சேர்ந்து கரண்டியால் தண்ணீர் இறைத்ததை எதிரே அப்பார்ட்மெண்டில் இருந்தவர்கள் பால்கனியில் நின்று வீடியோ எடுத்தார்கள். இறைத்த இடத்தில் மரக்கடையிலிருந்து வாங்கி வந்த தூளைக் கொட்டி மிதித்தோம். ஆடினோம், தோற்றோம். மனுஷன் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இது எப்போதும் ரசிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். இன்னொரு நாள் இடி மின்னல். ரெஃப்ரீ விசிலை வாயில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று எடுத்துவிட்டார். பாய் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருவில் இருந்த செல்போன் டவர் மேல் மின்னல் விழுந்தது. காது அடைத்துப் போய் எல்லோரும் குனிந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால் பாய் ரெஃப்ரீயிடம், "அதான் வந்துட்டுப் பூடுச்சே. இனிமே இன்னா? ஊதுங்க" என்கிறார். இந்த ஆள் ஒருநாள் நம்மை எங்கேயோ கொண்டு போய் நிறுத்தப் போகிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது. பீட்டர் அண்ணனிடம் சொன்னேன். "அவருக்கு கேன்சல்ங்கற வார்த்தை ஒத்துக்காதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் ஒத்துக்காது என்று பாயிடமே ஒருநாள் கேட்டேன். வண்டியில் நாற்காலியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் நின்னுபோன மண்டபத்துக்கு நீ போயிருக்கியா கண்ணாடி?"

"இல்ல பாய்."

"நான் போயிருக்கேன். யாரும் ஒக்காராத சேர திரும்பி ஏத்திக்கினு வந்திருக்கேன். தூசு கூடத் தொடைக்கத் தேவையில்ல, அவ்ளோ சுத்தமா இருக்கும். வாடகை எல்லாம் வந்துரும், அது பிரச்சனையில்ல. ஆனா அந்த சேர மறுநாள் வேற ஊட்டுக்குக் குடுக்க மனசு வராது. சேர எறக்கிட்டா ஒக்காரணும்பா, அவ்ளோதான்."

அபிராமபுரத்தில் ஜனனி வீட்டு நிச்சயதார்த்தத்தை அவர் எப்படி நடத்தினார் என்பது எங்கள் க்ளப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆட்டம் முடிந்து, வழக்கம்போலத் தோற்று, நாங்கள் சோர்ந்து போய் மைதானத்தில் உட்கார்ந்திருந்தோம். முன்னாலேயே கிளம்பிப் போயிருந்த பாய் போனில் கூப்பிட்டார். "ஜெர்சி கழட்ட வேணாம், அப்டியே எல்லாரும் வண்டியில ஏறி வாங்க" என்று ஒரு விலாசம் சொன்னார். போய்ப் பார்த்தால் வாசலில் வாழைமரம், உள்ளே வரிசையாக அவருடைய நாற்காலிகள், ஒரு ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அன்று காலையில்தான் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உறவுக்காரர்களை எல்லாம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜனனியின் அம்மா சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"பாய், எடுத்துண்டு போயிடுங்கோ. ஆத்துல ஒண்ணும் நடக்கப் போறதில்ல" என்று அந்த மாமி சொல்லியிருக்கிறார்.

"சமையல் ஆயிடுச்சா மாமி?" என்று கேட்டிருக்கிறார் பாய்.

"ஆயிடுத்து."

"அப்ப நடந்துரும்."

அரக்கு ஜெர்சியும் சேறு படிந்த முழங்காலுமாக எங்கள் டீம் மொத்தமும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தது. ஊரூர் குப்பத்துப் பையன் வேலு, எங்கள் ஃபார்வர்ட், பருப்புப் போளியை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் சாம்பாரில் தொட்டுவிட்டான். அதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பட்டுப்புடவையோடு ஜனனி வெளியே வந்து, "அதுக்கு நெய்தான் விட்டுக்கணும்" என்று அவளே எடுத்து வந்து பரிமாறினாள். பிறகு, "யார்கிட்ட தோத்தேள்?" என்று கேட்டாள். அடுத்த ஆட்டத்துக்கு வந்தாள். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவள் அம்மாவையும் கூட்டி வந்தாள். இப்போது எங்கள் சப்போர்ட்டர்களில் தொண்டை பெரியது ஜனனிக்குத்தான். பெண்கள் டீம் ஒன்று ஆரம்பிக்க வேண்டும் என்று பீட்டர் அண்ணன் உயிரை எடுத்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

இவ்வளவு சொன்னது, இனி சொல்லப் போவதற்காக.

எங்கள் க்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. சாந்தோம் சர்ச் பங்கைச் சேர்ந்த பையன்கள், ராயப்பேட்டைப் பையன்கள், காலையில் படகு வேலையை முடித்துவிட்டு வருகிற குப்பத்துப் பையன்கள் சில பேர். நகர லீக்கில் மூன்றாவது டிவிஷன். மூன்றாவதில் ஆடினால் பேப்பரில் ஒரு மூலையில் ஒரு வரி ஸ்கோர் வரும். பெரிய க்ளப் ஆட்கள், விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் எப்போதாவது மதிலோரம் வந்து நின்று பார்ப்பார்கள். வேலு மாதிரிப் பையனுக்கு அந்த மதிலோரம்தான் வாழ்க்கை. நாலாவதுக்கு இறங்கிவிட்டால் யாரும் வர மாட்டார்கள். இறங்கிய க்ளப்புகள் பல அடுத்த வருஷம் பதிவு செய்யக்கூட வராமல் காணாமல் போயிருக்கின்றன. நாங்களோ இரண்டாவது டிவிஷன், பெண்கள் டீம், பயிற்சிக்கு ஒரு சொந்த இடம் என்று கனவு கண்டுகொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நிலைமை எளிமையாக இருந்தது. ஜெயித்தால் மூன்றாவதில் நிற்போம். டிரா ஆனாலும் தோற்றாலும் கீழே.

அன்று காலையும் மழை. நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். எதிர் டீம் வரவில்லை. புறநகரிலிருந்து வேனில் வர வேண்டியவர்கள். அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தனியாக பைக்கில் வந்திருந்த அவர்களுடைய கீப்பர் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். வேன் ஒரு சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டி இன்ஜின் நின்றுவிட்டதாம். ரெஃப்ரீ கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், வராவிட்டால் வாக்ஓவர். ஆடாமலே ஜெயித்த கணக்கு.

எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பீட்டர் அண்ணன் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தார், அவரே நேரில் வந்து வேனை நிறுத்திவிட்டார் என்று கண்ணீரோடு சொன்னார். ஜனனி மைசூர்பாகு டப்பாவைத் திறந்தாள். பாய் அந்தக் கீப்பரிடம் போய் ஏதோ கேட்டதைப் பார்த்தேன். பிறகு வண்டியிலிருந்த நாற்காலிகளை அவசரமாகக் கீழே தள்ளிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பிரியாணி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தோம். "முட்ட சேத்து சொல்லுங்க பாய்!" என்று யாரோ கத்தினார்கள்.

அரை மணி முடிகிற நேரத்தில் குட்டி யானை கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எதிர் டீம் மொத்தமும் நின்றிருந்தது.

பீட்டர் அண்ணன் கையில் பாதி கடித்த மைசூர்பாகு. "பாய், நீங்க யாரு ஆளு?" என்று கேட்டார்.

பாய் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நம்ம ஆளுதான். இன்னாத்துக்கு நிக்கறீங்க? பசங்கள வார்ம்அப் பண்ணச் சொல்லு. ஜெயிச்சுரலாம்" என்றார்.

ஜெயிக்கவில்லை. வேலு முதலில் ஒரு கோல் போட்டான். கடைசி வரை அதைக் காப்பாற்றிக்கொண்டே வந்தோம். முடிகிற நேரத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். போட்டவன் குட்டி யானையிலிருந்து முதலில் குதித்து இறங்கியவன். ஒன்றுக்கு ஒன்று. கீழே போய்விட்டோம். வேலு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டான். பாய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் ஏற்றினார். வழக்கமாக நாங்கள் எல்லோரும் கைகொடுப்போம். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வேன் நின்றது எங்கள் குற்றமில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. வேலு மாதிரி ஒரு பையனின் வருஷத்தை எடுத்து எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "ஆடித்தானே போச்சு கண்ணாடி" என்றார். அந்தப் பதிலில் எனக்கு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

க்ளப்பை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பாயைக் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். பீட்டர் அண்ணன் எழுந்து, "ஒரே வருஷம். ஒரே வருஷத்துல திரும்ப ஏறலன்னா நானே வந்து பூட்டு போடறேன். அது வரைக்கும் எவனும் வாயத் திறக்கக் கூடாது" என்றார். போகிறேன் என்று சொன்ன பையன்களை ஜனனி வீடு வீடாகப் போய்ப் பிடித்து வந்தாள். வேலு போகவில்லை. அவனை இரண்டு க்ளப் கூப்பிட்டும் போகவில்லை. காரணம் கேட்டால், "கீழ எறக்கின கோல நான் பாத்துட்டேன், மேல ஏத்துற கோல நான்தான் போடணும்ணா" என்றான். விடிவதற்கு முன்னாலேயே பெசன்ட் நகர் மணலில் ஓட ஆரம்பித்தார்கள். அந்த வருஷத்தில் நாங்கள் காட்டிய வெறி எனக்கே ஆச்சரியம். கோபம் இருந்தால் கால் நன்றாக ஓடும் போலிருக்கிறது.

நாலாவது டிவிஷனில் முதல் ஆட்டம். காலையில் போய்ப் பார்த்தால் சிவப்பு நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. யாரும் வரச் சொல்லவில்லை, வந்துவிட்டார். நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை. பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. ஆட்டம் முடிகிற வரை நாற்காலிக்குப் பின்னால் நின்றே கத்தினோம். முடிந்ததும் பாய் தூசு படாத நாற்காலிகளைத் தனியாக ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் நின்றோம். அடுத்த ஆட்டத்துக்கும் இறக்கினார், அதற்கடுத்த ஆட்டத்துக்கும் இறக்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு மன்னிப்பும் சொல்லவில்லை.

கடைசியில் ஜனனியின் அம்மாதான் அதை உடைத்தார். "எனக்கு முட்டி வலி. நீங்கள்லாம் கோவத்த நின்னுண்டே பட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பீட்டர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் ரொம்ப நாள் நின்றேன்.

கடைசி ஆட்டம் வந்தபோது நாங்கள் முதல் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். ஜெயித்தால் மேலே. எதிரில் கடைசி இடத்து டீம். ஆனால் பாய் இல்லை. முந்தின வாரம் அடையாறில் ஒரு வளைகாப்புக்கு நாற்காலி இறக்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இருந்தாலும் கடை டிரைவர் காலையில் நாற்காலியோடு வந்துவிட்டான். "அனுப்பலன்னா வேலைய உட்டுத் தூக்கிருவேன்னு சொல்ட்டாருண்ணா" என்றான்.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் பீட்டர் அண்ணன் போன் அடித்தது. எதிர் டீம் மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டார், எல்லோரும் கேட்டோம்.

"சார், வேன்காரன் கழுத்தறுத்துட்டான். பசங்க எல்லாம் பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கறாங்க. வேற வண்டி ஏதாவது கிடைக்குமா சார்? இல்லன்னா ஒரு அரை மணி தள்ளி வைக்க முடியுமா?"

பீட்டர் அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் பூட்ஸைப் பார்த்தோம். குட்டி யானை நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே காலியாக நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ரெஃப்ரீ ஒத்துக்க மாட்டாருங்க. ரூல்ஸ் இருக்கு" என்றார் பீட்டர் அண்ணன். போனை வைத்துவிட்டார். ஜனனி திரும்பி ஒருமுறை வண்டியைப் பார்த்தாள்.

அரை மணி கழித்து எங்கள் பையன்கள் தங்கள் பாதியில் வரிசையாக நின்றார்கள். எதிரே ஒரு ஆள் இல்லை. ரெஃப்ரீ ஒரு விசில் ஊதினார், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று ஊதினார், நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவது டிவிஷனுக்கு ஏறிவிட்டோம். வாங்கி வைத்திருந்த சரவெடியை வெடித்தோம். வேலு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான், அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பீட்டர் அண்ணன், ஜனனி, நான். பாய் ஒரு காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"மூணாவதுக்கு ஏறிட்டோம் பாய்" என்றார் பீட்டர் அண்ணன்.

முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லா! எவ்ளோ?"

பீட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். ஜனனி ஃபேனைப் பார்த்தாள். "ரெண்டு ஒண்ணு" என்றேன் நான்.

"யாரு போட்டது?"

"ரெண்டும் வேலுதான் பாய்." இனி நிறுத்த முடியாது. முதல் கோல் ஃப்ரீ கிக், சுவரைத் தாண்டி மூலையில் போனது என்றேன். நடுவில் அவர்கள் ஒன்று போட்டதைப் பீட்டர் அண்ணன் சொன்னார். எங்கள் கீப்பர் ஒரு பெனால்டியைப் பிடித்ததை ஜனனி சேர்த்துக்கொண்டாள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது கோலை நான்தான் சொன்னேன். வேலு கோலுக்கு முன்னாலேயே நின்றிருந்தான், பந்து உயரமாக வந்தது, தலையால் தட்டினான்.

பாய் கண்ணைத் திறந்தார். "தனியா நின்னானா?"

"தனியா."

"அப்ப ஆஃப்சைடாச்சே."

"எப்படி ஆஃப்சைட்?" என்று பீட்டர் அண்ணன் கிளம்பிவிட்டார். "கோல் லைன்ல ஒரு டிஃபெண்டர் நின்னான் பாய்!" மேசையிலிருந்த சாத்துக்குடியைக் கீப்பராகவும் மாத்திரை டப்பாவை டிஃபெண்டராகவும் போர்வை மேல் வைத்துக் காட்டினார். பாய் மாத்திரை டப்பாவை நகர்த்தினார், பீட்டர் அண்ணன் திரும்பவும் இழுத்து வைத்தார். "நானே கண்ணால பாத்தேன், ஆன்சைட்தான்!" என்று ஜனனி கத்தியதில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரும் ஆன்சைட் என்றே தீர்ப்புச் சொன்னார். நடக்காத ஆட்டத்தின் ஒரு கோலுக்காக நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

பாய் சாத்துக்குடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"காலையில அந்த மேனேஜர் மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணான்" என்றார். "போன வருஷக் கதை அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. பாய், உங்க வண்டி வருமான்னான். வண்டி கிரவுண்டுலதான்பா நிக்குது, பெல்லுக்குப் போன் போடு, நம்ம ஆளுங்க அனுப்புவாங்கன்னு சொன்னேன். அப்பறம் வண்டி வர்லன்னு அவனே திரும்பப் போன் பண்ணிச் சொன்னான்."

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன், அதற்கு என்னிடம் ஒரு வருஷத்துப் பேச்சு சேர்ந்திருந்தது. அவர் திட்டவில்லை.

"ஆட்டம் நல்லாத்தான் கீது" என்றார். "போயி அத ஆடிட்டு வாங்க."

மாடிப்படியில் இறங்கும்போது பீட்டர் அண்ணன் பொரிந்து தள்ளினார். பாயிண்ட் வந்தாச்சு, டிவிஷன் வந்தாச்சு, இனி எதற்கு ஆட வேண்டும், படுத்துக்கொண்டு ஆர்டர் போடுகிறார் பார் என்றார். எனக்கும் அதே எரிச்சல்தான். ஜனனி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்த மேனேஜர் நம்பரைத் தேடினாள். மணி போகும் சத்தம் கேட்டதும் பீட்டர் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஹலோ... ஆமாங்க, பீட்டர்தான். வர்ற ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டு வரீங்களா? பாயிண்டா? பாயிண்ட் எல்லாம் இல்லங்க, அது முடிஞ்சு போச்சு. ஆடணும், அவ்ளோதான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "வேன் எல்லாம் வேணாம். வண்டி நாங்க அனுப்பறோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். லீவில் இருந்த ரெஃப்ரீ எங்களைத் திட்டிக்கொண்டே வந்து ஊதினார். பேப்பரில் வராத, எந்தக் கணக்கிலும் சேராத அந்த ஆட்டத்தில் இரண்டு டீமும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். வேலு ஒன்று போட்டான். அவர்கள் மூன்று போட்டார்கள். மூன்றாவது டிவிஷனுக்கு ஏறிய டீம், கடைசி இடத்து டீமிடம் தோற்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். யார் கோட்டை விட்டது, எந்தப் பாஸ் தப்பாகப் போனது, மூன்றாவது கோலுக்கு எங்கள் கீப்பர் எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது வரை சொன்னோம். தோல்வியைச் சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் துளிகூடக் கூச்சமில்லை. பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி" என்றார். "மூணாவதுல மொத ஆட்டம் யாரு கூட?"